இனியாவின் இடது குதிகால்

பையின் ஜிப்பைத் திறந்ததும் முதலில் வசம்பு வாசனைதான் வந்தது. அதற்குப் பின்னால் தேங்காய் எண்ணெய், கொஞ்சம் ஸ்பிரிட். நாம் போய்வந்த வீடுகளெல்லாம் அந்தக் கறுப்புப் பைக்குள் குடியேறிவிட்டது போலிருந்தது. உன் வீட்டுக்காரர் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து, விழுப்புரம் ஆபீசில் என் மேசைமேல் வைத்தார். "ஆபீஸ் சாமான், ஆபீஸ் சாமான்னு சொல்லிக்கினே இருப்பா. ரெண்டு மாசமா கட்டிலுக்கு அடியில கெடந்துது. எடுக்கவே மனசு வரலீங்க," என்றார். டீ சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, வந்த பஸ்ஸையே திரும்பப் பிடிக்கப் போகிறவர் மாதிரி இறங்கிப் போய்விட்டார்.

ஆபீஸ் பொருள் திரும்பி வந்தால் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அது என் வேலை. பையைக் கொட்டி எண்ண ஆரம்பித்தேன். குழந்தையின் கண்முன் ஆட்டிக்காட்டும் சிவப்புக் கம்பளிப் பந்து. காதுக்குப் பின்னால் அடிக்கும் சின்ன மணி. பிளாஸ்டிக் கிண்ணம், அளவு நாடா, அடுக்கச் சொல்லிப் பார்க்கும் மரக்கட்டைகள். கட்டை பத்து இருக்க வேண்டும், ஒன்பதுதான் இருந்தது. இரண்டு முறை எண்ணினேன். "நான் செத்தும் உனுக்குக் கட்டதான் கணக்காடி?" என்று நீ கேட்டிருப்பாய். ஆமாம்டி, அதுதான் கணக்கு. எண்ணாமல் இருந்திருந்தால் ஆபீசிலேயே அழுதிருப்பேன்.

பக்கவாட்டு அறையில் நான்காக மடித்த இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நம் ஆய்வுப் படிவத்தின் நகல், என் கையெழுத்தில். குழந்தை பெயர் இனியா, ஊர் பனமலைப் பக்கம். பிறந்த தேதியைச் சுற்றிப் பச்சை மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பச்சைப் பேனா நம் ஆபீசில் உன் ஒருத்தியிடம்தான் உண்டு. இன்னொன்று இனியா பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளின் நகல். அதில் பிறந்த தேதி வேறாக இருந்தது. நான் படிவத்தில் பிறந்த தேதி என்று எழுதியிருந்தது, குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய தேதி. இரண்டுக்கும் நடுவில் ஏழு வாரம்.

இரண்டு தாளையும் அருகருகே வைத்து மறுபடி எண்ணினேன். நீ இதை எப்போது கண்டுபிடித்தாய்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரு புதன்கிழமை காலையில் அடுப்பில் குக்கரை வைத்தவள் அப்படியே சாய்ந்தாய், மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள், புதுச்சேரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்க எனக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை நீ. அதனால்தான் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரிந்தும் கேள்வியாகவே எழுதுகிறேன்.

நாம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஞாபகம் இருக்கிறதா? நீ திண்டிவனத்தில் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். நான் புள்ளியியல் படித்துவிட்டு, குழந்தையைத் தூக்கவே பயந்துகொண்டு வந்தவள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயது வரை எப்படி வளர்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஆய்வு அது. விக்கிரவாண்டி கூட்டுரோட்டில் காலை எட்டரைக்குச் சந்திப்போம். நீ திண்டிவனத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாய், நான் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து உன் பின்னால் ஏறிக்கொள்வேன். முதல் வாரமே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது நீ, எழுதுவது நான். நீ பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாய். நான் அட்டையும் பேனாவுமாக நின்றுகொண்டிருப்பேன். அதனாலேயே எல்லா வீட்டிலும் நீ அக்கா ஆனாய், நான் மேடம் ஆனேன்.

குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது உண்டு என்பதை அம்மாக்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. பிறந்த நாளிலிருந்து எண்ணும் வயது ஒன்று. பத்து வாரம் முன்கூட்டியே பிறந்திருந்தால் அந்தப் பத்து வாரத்தைக் கழித்துவிட்டு எண்ணும் வயது இன்னொன்று. குழந்தை உட்கார்கிறதா, நிற்கிறதா என்று இந்தக் கழித்த வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் நாட்காட்டியை விரித்து விளக்கினால் அம்மாக்கள் கொட்டாவி விடுவார்கள். நீ ஒரே வார்த்தையில் முடிப்பாய். "திண்டிவனத்துல எறங்க வேண்டியவ மேல்மருவத்தூருலயே பஸ்ஸ வுட்டு எறங்கிட்டா. மீதி தூரத்த நடந்துகினு வர்றா. ஏன் லேட்டுன்னு திட்டாதீங்க, பாவம்." அதோடு மாமியார்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள்.

என்னை நீ 'கம்ப்யூட்டரு' என்றுதான் கூப்பிடுவாய். ஒரு நாள் பிசகினாலும் நான் விடமாட்டேன் என்பதற்காக. "நீ பத்து மாசமும் முடிஞ்சு, மேல ஒரு வாரம் குந்திக்கினு இருந்துட்டு வந்தவடி. உனுக்கு அவசரமே தெரியாது," என்பாய். அது உண்மையும்கூட, என் அம்மாவே உன்னிடம் சொல்லியிருக்கிறாள். கணக்கு என்று வந்துவிட்டால் நீ உன் வாயைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பாய். அந்தப் பார்வையில் எனக்கு அப்போது பெருமை. இப்போது அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

இனியாவின் வீட்டுக்கு முதலில் போனது ஒரு மழைக்காலம் முடிந்த வாரத்தில். ஏரி தளும்பி, மல்லாட்டைக் கொல்லையெல்லாம் சேறாகக் கிடந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி வடிந்திருந்தது. துணி, அரிசி, ரேஷன் கார்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரித் தாள் எல்லாம் போய்விட்டது என்றாள் ரேவதி, இனியாவின் அம்மா. நான்கு மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். "பத்து வாரம் முன்னாடியே பொறந்துட்டாக்கா. ஒண்ணேகா கிலோதான். கண்ணாடிப் பெட்டில வச்சிருந்தாங்க," என்றாள். "எந்தத் தேதில பொறந்தா?" என்று நீ கேட்டாய். கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு தேதியைச் சொன்னாள். நான் எழுதினேன். பக்கத்திலேயே பத்து வாரத்தைக் கழித்தும் எழுதினேன். கேட்டது நீ, சொன்னது அவள், கழித்தது நான். மூன்று பேரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அட்டை இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்துத் தேதியை உறுதிசெய்ய வேண்டும் என்று நம் விதிப் புத்தகத்தில் இருந்தது. அந்த வாரம் நாம் போக வேண்டியிருந்த, வெள்ளம் புகுந்த ஊர்கள் பதினொன்று. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளி நகலில்கூட மங்கலாகத் தெரிகிறது. அப்புறம் என்ற நாள் வரவேயில்லை.

பிறகு ஒன்பது மாதச் சந்திப்பு. இந்தக் காட்சியைத்தான் மூன்று வாரமாகத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ கம்பளிப் பந்தை ஆட்டினாய், இனியா சிரித்தாள். கையை நீட்டிப் பிடிக்க வந்தவள் குப்புறச் சரிந்தாள். தரையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டால்தான் அவளால் உட்கார முடிந்தது. ரேவதி என்னைப் பார்த்தாள். "பக்கத்தூட்டுக் கொழந்தைங்க எல்லாம் நல்லா உக்காந்து வெளயாடுது மேடம். இது இன்னும் கைய ஊனிக்கினே கெடக்குது. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

நான் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தேன். கழித்த வயது சரியாக ஒன்பது மாதம். அந்த வயதுக்கு அது எல்லைக்கோட்டில் இருந்தது, இன்னும் காத்திருக்கலாம் என்ற வரிசையில். "வயசுக்குச் சரியாத்தான் இருக்கும்மா. பயப்படாதீங்க," என்றேன். ரேவதியின் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான்தான் கொடுத்தேன் என்று சந்தோஷப்பட்டேன்.

நீ குழந்தையின் இடது காலைப் பிடித்துப் பாதத்தை மெல்ல மேலே மடக்கிப் பார்த்தாய். விட்டாய். மறுபடி மடக்கினாய். திரும்பி வரும்போது மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். "அந்த எடது காலு வெறப்பா இருக்குதுடி," என்றாய். "எனுக்கு என்னமோ சரியாப் படல."

"டேபிள்ல கரெக்டா இருக்குதே."

"கைக்குத் தெரியுது. படிவத்துல எழுதறதுக்குத்தான் கட்டம் இல்ல."

"ஒன்பது மாசத்துக்கு இது நார்மல்தான். ஒன்றரை வயசுல மறுபடி பாக்கத்தானே போறோம்?"

டீ கிளாஸைக் கழுவிவைத்துவிட்டு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். வா, ஜல்தி கெளம்பு," என்றாய்.

சரியாக இல்லை. அன்று அவளுக்குக் கழித்த வயதே பத்தரை மாதத்துக்கு மேல். தேதி மாறியதில் ஒரு முறை, பத்து வாரத்தைக் கழித்ததில் இன்னொரு முறை என்று, பெட்டியில் கிடந்த ஏழு வாரத்தை நான் இரண்டு முறை கழித்திருக்கிறேன். மேல்மருவத்தூரில் இறங்கியவளை நான் செங்கல்பட்டிலேயே இறக்கிவிட்டு, பொறுமையாக நடந்து வா என்று சொல்லியிருக்கிறேன். சரியான வயதை எழுதியிருந்தால் அட்டவணை அன்றைக்கே பயிற்சி மையத்துக்கு அனுப்பு என்று சொல்லியிருக்கும். கிட்டத்தட்ட இன்னொரு ஒன்பது மாதம் கழித்து, ஒன்றரை வயதில், அவள் பிடித்துக்கொண்டுகூட நிற்காதபோதுதான் விழுப்புரத்திலுள்ள மையத்துக்கு அனுப்பினோம். பிறந்த சமயத்தில் மூளையில் ஏற்பட்ட சிறு பாதிப்பு, இடது பக்கம் தசை இறுக்கம் என்றார்கள்.

அந்தச் சமயம் நான் லீவில் இருந்தேன், என் மகன் பிறந்து இருபது நாள். அவர்களை மையத்துக்கு அழைத்துப் போனது நீ. அங்கே ஆஸ்பத்திரித் தாள் கேட்டிருப்பார்கள், ரேவதியின் வீட்டுக்காரர் போய் நகல் வாங்கி வந்திருப்பார், அப்போதுதான் நீ தேதியைப் பார்த்திருக்க வேண்டும். இதுவரை எனக்குப் புரிகிறது. அதற்குமேல்தான் ஒன்றும் புரியவில்லை. மறுநாளே என் மகனைப் பார்க்க வந்தாயே? வெள்ளிக் காப்பு போட்டுவிட்டு, என் அம்மா கொடுத்த கேப்பை அடையை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயே? அன்றைக்கு உன் பையில் இந்தத் தாள் இருந்ததா? பச்சை உடம்புக்காரியிடம் எதைச் சொல்வது என்று விட்டாயா? சரி, அப்புறம் ஐந்து வருஷம் நான் பச்சை உடம்பாகவா இருந்தேன்?

உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

லீவு முடிந்து வந்தபோது என்னை ஆபீசிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். படிவங்களைக் கணினியில் ஏற்றுவது, வரைபடம் போடுவது. பனமலைப் பாதை முழுக்க உன்னுடையதாகிவிட்டது. இனியா மையத்துக்கு இரண்டு மாதம்தான் போனாள் என்று பதிவில் இருக்கிறது. ஒரு நாள் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும், ரேவதியால் முடியவில்லை. பயிற்சி இல்லாத குழந்தைகளின் பட்டியலில் அவளைச் சேர்த்தது நான்தான். போன வருஷம் சென்னையிலிருந்து வந்த டாக்டர் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, "பயிற்சியே இல்லாம இந்தக் குழந்தை எப்படி இவ்வளவு நல்லா வந்திருக்கு?" என்று வியந்தார். அந்தப் புள்ளி இனியா. நான் பெருமையோடு ஊரும் பேரும் சொன்னேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாய். வாயைத் திறந்தது முறுக்குக்கு மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பையை எடுத்துக்கொண்டு பனமலைக்குப் போனேன். ரேவதியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஏன் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சொன்னால் அந்த ஒன்பது மாதம் திரும்பி வருமா? என் பாரத்தை இறக்கி அவள் தலையில் ஏற்றுவதா? ஆனால் "டாக்டர்கிட்ட காட்டலாமா" என்று கேட்டவள் அவள். அவள் கேட்டது சரி என்றாவது அவளுக்குத் தெரிய வேண்டாமா? அன்னியூரில் பஸ் மாறியபோதுகூடத் திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன்.

ரேவதி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். பையைத்தான் முதலில் பார்த்தாள், அப்புறம்தான் என்னை.

"வாங்க மேடம். அக்கா எங்க? ரெண்டு மாசமா ஞாயித்துக்கெழம ஆளையே காணோம். போன் போட்டா ஸ்விட்ச் ஆப்னு வருது. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

பையைக் கீழே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையா? ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஏது வேலை? உன் வீட்டுக்காரர் ஒருமுறை, "உங்க ஆபீசுல ஞாயித்துக்கெழமகூட வேல வாங்கறாங்களே," என்று குறைப்பட்டுக்கொண்டதும், நான் ஏதோ மழுப்பியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ செத்துப்போனதை அவளிடம் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே சொன்னேன். முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். மேடமாக ஆனபிறகு ஒரு வீட்டில் நான் தரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவளே சொன்னாள். மையத்துக்குப் போக முடியவில்லை என்றதும் நீ, "நீ வர வேணாம், நான் வர்றேன்," என்றாயாம். முதல் இரண்டு வருஷம் வாராவாரம். பிறகு மாதத்துக்கு இரண்டு தடவை. காலை நீட்டி மடக்கி இழுத்துவிடுவது, சுவரோரம் நிற்கவைப்பது, படியேற வைப்பது. மற்ற நாளில் ரேவதி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் உன்னிடம் திட்டு. "அக்கா திட்டுனா பேஜாராத்தான் இருக்கும். ஆனா நடக்க வச்சது அவங்கதான் மேடம். ரெண்டே முக்கா வயசுல எழுந்து நடந்தா. அக்கா அன்னைக்கு இந்தத் தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் குடுத்துச்சு."

நான் தாளை விரித்தேன். பச்சை வட்டத்தைக் காட்டினேன். தேதி மாறிப்போனதை, இரண்டு முறை கழித்துவிட்டதை, ஒன்பது மாதத்தில் அனுப்பியிருக்க வேண்டியதை விழுங்காமல் சொன்னேன். ரேவதி ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மேடம். அக்கா அப்பவே சொல்லிடுச்சு."

"என்னன்னு சொன்னா?"

"தேதிய அக்காவேதான் தப்பாக் கழிச்சிட்டதா. நான்தான் அழுதேன். வூட்டுக்கு வந்த தேதிய சொன்னது நான்தானே? எங்க வூட்ல அன்னைலருந்துதான் கணக்கு மேடம். பெட்டில இருந்தப்போ பொழைக்குமா பொழைக்காதான்னே தெரியல, பொறந்துடுச்சுன்னு யாருக்குன்னு போய் சொல்றது? தூக்கிக்கினு வந்த அன்னைக்குத்தான் பொறந்தா. பேரு வச்சது, தொட்டில் கட்டுனது, மொதப் பொறந்தநாளு எல்லாம் அன்னைலருந்து எண்ணித்தான் செஞ்சோம். அதான் வாய்ல வந்திச்சு. ஒந்தப்பு இல்ல, எழுதுனவ தப்புன்னு அக்கா அடிச்சு சொல்லிச்சு."

"எழுதினது நான், ரேவதி. அது என் கையெழுத்து. கழிச்சதும் நான்தான்."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வந்ததா, எனக்கு அப்படித் தோன்றியதா, சொல்லத் தெரியவில்லை.

"அப்ப அக்கா ஏன் தம்மேல போட்டுக்கிச்சு?"

"தெரியல."

"அன்னைக்கே காட்டியிருந்தா இவ குதிகாலு தரையில பட்டிருக்குமா?"

ஏழு வருஷமாக நான் குழந்தைகளின் வளர்ச்சியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் நல்லது என்று நூறு குழந்தைகளுக்குச் சேர்த்து என்னால் அடித்துச் சொல்ல முடியும். இந்த ஒரு குழந்தைக்குச் சொல்ல முடியவில்லை. பட்டிருக்கலாம். பட்டிருக்காமலும் இருக்கலாம். தெரியாது என்று அவளிடம் சொன்னேன்.

"அக்காகிட்டயும் கேட்டேன். அவங்களும் இதத்தான் சொன்னாங்க," என்றாள் ரேவதி. முறத்தை இழுத்துக்கொண்டு மல்லாட்டை உடைக்க ஆரம்பித்தாள். என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

அதற்குள் இனியா வந்துவிட்டாள். இரண்டாம் வகுப்பு, இரட்டைச் சடை. வலது கால் முழுசாக ஊன்ற, இடது குதிகால் ஒரு விரற்கடை தூக்கியபடியே துள்ளித் துள்ளி வந்தாள். கையில் நம் மரக்கட்டை. பத்தாவது கட்டை! "பெரிம்மா குடுத்தாங்க, பரிசு," என்றாள் நான் கேட்காமலே. பையைப் பார்த்ததும் மளமளவென்று பாயை உதறி விரித்துப் படுத்து, இடது காலை என் பக்கம் நீட்டினாள். பை வந்தால் காலை நீட்ட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

"பெரிம்மா இனிமே வர மாட்டாங்க கண்ணு. சாமிகிட்ட போய்ட்டாங்க," என்றாள் ரேவதி, மல்லாட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இனியா அவளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "அப்ப இவங்க?" என்றாள். காலை மட்டும் எடுக்கவில்லை.

எனக்கு எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. கணுக்காலைப் பிடித்தேன். "அங்க இல்ல. குதிகால உள்ளங்கையில வச்சுக்கினு, பாதத்த இப்பிடி மேல தள்ளணும். முப்பது எண்ற வரைக்கும் வுடக்கூடாது," என்றாள். அவள் சொன்னபடி பிடித்துத் தள்ளினேன். பாதி தூரம் வந்த பாதம் அங்கேயே நின்று என் கையை எதிர்த்துத் தள்ளியது. வலிக்கிறதா என்றேன், இல்லை என்றாள். டீக்கடையில் நீ சொன்ன வெறப்பு இதுதான். ஆறு வருஷம் கழித்து என் கைக்கு இப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானும் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் ஆபீசில் படிவத்தைத் திருத்தினேன். விதிப்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான தேதி, அதன் கீழே என் சுருக்கொப்பம். சென்னை டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். "ஒரு குழந்தையால ஆய்வு முடிவு மாறாதும்மா. குறிப்பு எழுதி அனுப்பிடுங்க," என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தப் புள்ளியைப் பயிற்சி பெற்றவர்கள் பக்கம் நகர்த்தினேன். பயிற்சி அளித்தவர் யார் என்ற கேள்விக்கு எதிரே அம்மா, அப்பா, மையம், மற்றவர் என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. அம்மாவுக்கு ஒரு டிக் போட்டேன், மற்றவர் என்பதற்கும் போட்டேன். மற்றவர் என்றால் யார் என்று எழுத ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். அதில் என்ன எழுதுவது? ஆய்வின் களப்பணியாளர் என்று எழுதினால், பார்ப்பதோடு நிற்க வேண்டும், பயிற்சி கொடுக்கக் கூடாது என்ற விதியை நீ மீறியவள் ஆகிறாய். பெரியம்மா என்று எழுதினால் நான் பொய் சொன்னவள் ஆகிறேன். அந்தக் கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நீ யார் தப்பை உன்மேல் போட்டுக்கொண்டாய்? ரேவதியுடையதையா, என்னுடையதையா? அல்லது கைக்குத் தெரிந்ததை என் பேச்சைக் கேட்டு விட்டுக்கொடுத்தோமே என்று, நிஜமாகவே உன் தப்பு என்றுதான் நினைத்தாயா? அப்படியானால் அதைவிட என்னால் தாங்க முடியாதது வேறு இல்லை. ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, மறுநாள் வேறு மாதிரித் தோன்றுகிறது.

இந்த ஞாயிறும் போனேன். ரேவதி டீ கொடுத்தாள், அதிகம் பேசவில்லை. இன்னும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறாள். இனியா பாயை விரித்துக் காலை நீட்டி, சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். பதினைந்து, பதினாறு, பதினேழு, இருபது என்று தாவினாள். "நடுவுல ரெண்ட வுட்டுட்ட," என்றேன். "பெரிம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க," என்று சிரித்தாள். நீ கவனிக்கவே இல்லையா, கவனித்தும் விட்டுவிட்டாயா, எனக்குத் தெரியாது. அவள் முப்பது என்று கத்திக் காலை இழுத்தாள். நான் விடவில்லை. குதிகாலை உள்ளங்கையில் இறுக்கிவைத்துக்கொண்டு, பதினெட்டு, பத்தொன்பது என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, அப்புறம்தான் விட்டேன்.